பெயர் எழுதி வைத்த இரண்டு குப்பிகள்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி ஒதுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் மனுக்கள் மூன்று உங்களிடம் இருக்கின்றன. இரண்டை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன், ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ரசீது பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மகனுக்கு இருப்பது எக்ஸ்.எல்.ஏ. என்ற பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு என்பதும், 21 நாளுக்கு ஒரு முறை அவனுக்கு ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும் என்பதும் அவற்றில் விவரமாக இருக்கிறது. அதனால் போன மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது.

அன்று 21ஆம் நாள். விடிகாலை 4.40 பஸ்ஸைப் பிடித்தோம். மருந்து ஏற்றும் நாளுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் நாளே அவன் நிறையத் தண்ணீர் குடித்துவிடுவான், இல்லாவிட்டால் தலைவலி வரும் என்று அவனுக்கே தெரியும். பையில் தயிர்சாதம், ஒரு போர்வை, அன்றைக்குப் பள்ளியில் நடக்கப்போகும் பாடத்தின் புத்தகம். மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக விட்டால் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். ஐந்து மணி நேரம் ஒரு கையை ஆட்டாமல் படுத்திருக்க ஒன்பது வயதுப் பையன் பழகியிருக்கிறான்.

மருந்தக ஜன்னலில் அட்டையை நீட்டினேன். மருந்தாளுநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்டாக் இல்லம்மா. ஒரு குப்பிகூட இல்ல" என்றார். நல்ல மனிதர். பிறகு அவரே வெளியே வந்து காரணம் சொன்னார். மூன்று நாளுக்கு முன்னால் ஓர் இளைஞர் கில்லன் பாரே என்ற நரம்பு நோயோடு வந்திருக்கிறார். கால் செயலிழந்து, கை செயலிழந்து, மூச்சு நிற்கப் போகிற நிலை. அவருக்கும் இதே மருந்துதான். கிலோவுக்கு 2 கிராம் வீதம், 60 கிலோ எடைக்கு 120 கிராம். ஐந்து கிராம் குப்பி என்றால் 24 குப்பிகள். அங்கே இருந்ததே அவ்வளவுதான்.

அவருக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பார்த்தேன். பையன் விரலை அசைத்தான் என்று அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். ஆனால் அவர் மகனுக்காக எடுத்த குப்பிகளில் இரண்டு என் மகனுடையவை. அப்படி யாரும் அவற்றின்மேல் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு தாய்களை ஒரே அலமாரியின் முன்னால் நிறுத்தியது யார் என்பதுதான் என் கேள்வி.

"அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். போனோம். மருந்து கேட்டு இண்டென்ட் போயிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வாரமும் போனோம். மருந்து வந்து சேர 24 நாள் ஆனது.

இந்த 24 நாளில் உடம்புக்குள் என்ன நடக்கும் என்பது உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நம் எல்லோர் ரத்தத்திலும் கிருமிகளை அடையாளம் கண்டு பிடிக்கிற எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தயாரிப்பவை பி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களிலிருந்து வரும் அணுக்கள். ஒரு மரபணுப் பிழையால் என் மகன் உடம்பில் பி அணுக்கள் வளர்ந்து முழுமை அடைவதே இல்லை. எனவே வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் தானம் செய்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுப்பதுதான் இந்த மருந்து. ஏற்றிய மூன்று நாலு வாரத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் 21 நாள் கணக்கு. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் போட்டுக்கொள்வது போல இதை நினைக்கக் கூடாது.

போன தவணைக்கு முன் அவன் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு 640 இருந்தது. 45 நாள் கழித்துப் பார்த்தபோது 280. அதற்குள் இருமல் தொடங்கியிருந்தது. இரண்டு நாளில் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நிமோனியா. ஒன்பது நாள் வார்டில் படுத்திருந்தான். காய்ச்சல் என்றதும் ஒரு இளம் டாக்டர் டெங்குவுக்கு எதிர்ப்புப் புரதப் பரிசோதனை எழுதினார். "சார், இவன் உடம்பு எதிர்ப்புப் புரதமே தயாரிக்காது, அந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நம்ப முடியாது, வைரஸின் புரதத்தையே பார்க்கும் என்.எஸ்.1 பரிசோதனை பாருங்கள்" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு படித்தவள் நான். ஐந்து வருடத்தில் இந்த நோய் எனக்கு இவ்வளவு படிப்பு கொடுத்திருக்கிறது.

காய்ச்சல் இறங்கிய பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்துபோய் இருக்கின்றன. "இது இனி பழையபடி சுருங்காதும்மா, மேலும் போகாமல் பார்த்துக்கலாம்" என்றார் பெரிய டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

வெளியில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வருடம் இரண்டு முறை வாங்கினோம். ஒரு தவணைக்கு வேண்டிய இரண்டு குப்பி என் கணவரின் ஒன்றரை மாதச் சம்பளம். அதற்காக அடகு வைத்த சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது. இந்த முறை வைக்க ஒன்றும் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். இந்த மருந்தை ஆயுள் முழுக்க நம்பியிருக்கிற பிள்ளைகளுக்கு, அவசர நோயாளிகளுக்கான இருப்போடு கலக்காமல், அவரவர் பெயரில் தனியாக எடுத்து வையுங்கள். என் மகனுக்கு ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு குப்பி. மேலே அவன் பெயரும் தேதியும் எழுதிய ஒரு காகிதம்.

இது முடியாத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கில்லன் பாரே என்று வருகிறது, இதே மருந்து தேவைப்படும் கவாசாகி நோய் பிள்ளைகளுக்கு வருகிறது. யாருக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என் மகனுடைய தேவை காலண்டரிலேயே இருக்கிறது. வருடத்துக்கு 17 தவணை, சில வருடம் 18. அதிகம் போனால் 36 குப்பி. அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்னால் எந்தத் தேதியில் மருந்து வேண்டும் என்று இன்றைக்கே சொல்ல முடியும். இப்படி முன்கூட்டியே தெரிந்த ஒரு தேவை எப்படித் திடீர்த் தட்டுப்பாடாக மாறுகிறது? எங்கள் மருத்துவமனைக்கு இப்படி வரும் பிள்ளைகள் நான்கே பேர். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

இன்னொன்று. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அவன் இப்போது 22 கிலோ, 10 கிராம் போதும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் மூன்று குப்பி ஆகும். பிள்ளை எடை ஏறினால் சந்தோஷப்பட வேண்டியவள், எடை பார்க்கும் மெஷினில் அவன் ஏறும்போது பயப்படுகிறேன். இந்தப் பயத்தை எனக்குக் கொடுக்காதீர்கள்.

நோயைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நான்கு வருடம் ஆனது. பிறந்து ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான், என் உடம்பிலிருந்து போன எதிர்ப்புச் சக்தி அதுவரை காப்பாற்றியது. அப்புறம் காதில் சீழ், வயிற்றுப்போக்கு, சளி, மறுபடி காதில் சீழ். நாலு வயதுக்குள் ஐந்து முறை நிமோனியா. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், சரியானது, அனுப்பினார்கள். ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவனுக்கு டான்சிலே இல்லையே" என்றார். யாராவது ஆபரேஷன் செய்து எடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். டான்சிலில் பெரும்பகுதி பி அணுக்கள்தானாம். அன்றைக்கே இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்க்க எழுதிக் கொடுத்தார். ஒரு டார்ச் வெளிச்சம்தான். அதற்கு நான்கு வருடம்.

அதற்குப் பிறகு அந்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மா வழியில் ஆண் குழந்தைகள் யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?" என் தம்பி மூன்று வயதில் இறந்தான். ஓயாத காய்ச்சல். செய்வினை என்றார்கள், குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம் என்றார்கள். அம்மா சாகும் வரை அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற நோய் இது. ஆக்டன் ப்ரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் 1952-இல் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் இதைக் கண்டுபிடித்து, அவன் ரத்தத்தில் இல்லாத புரதத்தை மாதா மாதம் ஊசியாகப் போட்டு அவனைத் தேற்றினார். என் தம்பி பிறந்தது அதற்கு நாற்பது வருடம் கழித்து. மரபணு எது என்பதுகூட 1993-இல் தெரிந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இப்போதும் வந்து சேர்ந்துவிட்டதா? பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகளில் 400-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணமாகாமை, எடை ஏறாமை, உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி, குடும்பத்தில் இப்படி ஒரு சாவு. இவற்றில் இரண்டைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். இதை ஒரு தாளில் அச்சடித்து ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

நோயின் பெயரைச் சொன்னால் போதும், அடுத்த கேள்வி "எய்ட்ஸா?" என்றுதான் வருகிறது. பள்ளியில் ஒரு அம்மா தன் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். எய்ட்ஸ் ஒரு வைரஸால் வருவது, இது மரபணுப் பிழையால் கருவிலேயே வருவது, யாருக்கும் ஒட்டாது என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் பெஞ்சை மாற்றிவிட்டார். உண்மையில் அந்தப் பெஞ்சில் ஆபத்தில் இருந்தது என் பிள்ளைதான், மற்றவர்களின் சளியும் இருமலும்தான் அவனுக்கு ஆகாது. எய்ட்ஸ் உள்ள பிள்ளையையும் அப்படி ஒதுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். இன்னும் சிலர் நெல்லிக்காய் கொடுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள் என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். கொடுக்கிறேன். ஆனால் கீரையால் பி அணு முளைக்காது.

போலியோ சொட்டு மருந்து நாள் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சொட்டு மருந்தில் இருப்பது வலுக் குறைத்த உயிருள்ள வைரஸ். மற்றப் பிள்ளைகளுக்கு அது வரம். அந்தச் சொட்டால்தான் 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸால் ஒரு குழந்தைக்கும் போலியோ வரவில்லை, 2014-இல் போலியோ இல்லை என்ற சான்றிதழும் கிடைத்தது. அதற்காக வெயிலில் வீடு வீடாக நடந்த செவிலியர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் என் மகனைப் போன்றவர்கள் குடலில் அந்த வைரஸ் போகாமல் தங்கி, வாதத்தையே கொண்டுவரலாம். என் மகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது, அவளிடமிருந்து இவனுக்கு வரும். அவளுக்கு ஊசியாகப் போட்டோம். இதை ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, டாக்டர் கடிதத்தைக் காட்டி நான் வாதாட வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுக்க விடாத தாய் என்று தெருவில் பேர் வாங்கிவிட்டேன். களப் பணியாளர்களுக்கான பயிற்சியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியும் அப்படித்தான், அதிலும் உயிருள்ள கிருமிதான். ஸ்கிட் என்று இன்னொரு வகை இருக்கிறது, எக்ஸ்.எல்.ஏ.யை விடக் கொடியது. அந்தக் குழந்தைக்குப் பிறந்த அன்றே பி.சி.ஜி. போட்டால், தடுப்பூசிக் கிருமியே உடம்பு முழுக்கப் பரவிவிடும். பிரசவ வார்டில் ஊசி போடுவதற்கு முன் "உங்கள் குடும்பத்தில் கைக்குழந்தை யாராவது நோய்த்தொற்றில் இறந்திருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். ஆம் என்றால் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்க்கும் வரை ஊசியை நிறுத்தி வைக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற வழக்கம் நம்மிடம் அதிகம், இந்த வகை நோய்களில் பல அப்படிப்பட்ட குடும்பங்களில்தான் கூடுதலாகத் தெரிகின்றன. அமெரிக்காவில் 2008-இல் ஒரு மாநிலத்தில் தொடங்கி, 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தைக்கெல்லாம் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்கிட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதல் மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகின்றன. நாம் அந்தக் குழந்தைகளுக்கு முதல் நாளே உயிருள்ள கிருமியைக் கொடுக்கிறோம்.

மன்னிக்க வேண்டும். ஒரு கோரிக்கை என்று சொல்லிவிட்டு நிறையக் கேட்டுவிட்டேன். சுவரொட்டியும் பயிற்சியும் பரிசோதனையும் நீங்கள் மட்டும் முடிவு செய்கிற விஷயங்கள் இல்லை என்று தெரியும். இரண்டு குப்பிகள் உங்கள் கையில் இருக்கின்றன, அதற்கே திரும்பி வருகிறேன்.

2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் எங்கள் பிள்ளைகளின் நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. ஐ.வி.ஐ.ஜி. கொடுக்க வேண்டிய நோய் என்றும் அதில் எழுதியிருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் அது நாட்டில் சில பெரிய மையங்கள் வழியாகத்தான். 21 நாளுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க, நோய்த்தொற்று ஆகாத ஒரு பிள்ளையை ராத்திரி பஸ்ஸில் கூட்டத்தோடு சென்னைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வர முடியுமா? ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா பிள்ளைகளுக்கு ஃபாக்டர் மருந்து மாவட்டத்திலேயே கிடைக்க வழி செய்தீர்கள். அந்தப் பெற்றோர்களில் சிலர் எங்களோடு அதே வார்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியா இருக்கிறது, தலசீமியா இருக்கிறது, எங்கள் பிள்ளைகளின் நோய் இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது. எங்கள் பக்கம் நான்கு குடும்பங்கள்தான் இருக்கின்றன. கூட்டம் சேர்த்து ஊர்வலம் போகுமளவுக்குப் பேர் இல்லை, போனாலும் எங்கள் பிள்ளைகளைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக முடியாது.

அதனால்தான் எழுதுகிறேன். பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலிருந்தும் வாங்குங்கள். அவர்களுக்கு மூன்று தவணைக்கு வேண்டிய ஐ.வி.ஐ.ஜி. எப்போதும் அந்தக் குளிர்பெட்டியில் தனியாக இருக்கும்படி உத்தரவு போடுங்கள். அவசர நோயாளிக்கு அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் எடுங்கள், உயிர் முக்கியம், ஆனால் எடுத்த அன்றே திருப்பி வைக்கும் ஏற்பாடும் அந்த உத்தரவிலேயே இருக்கட்டும். "ஸ்டாக் இல்லம்மா" என்று சொல்லும்போது அந்த மருந்தாளுநர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறாரே, அவருக்கும் அது உதவும்.

போன மாதம் ஜன்னலிலிருந்து திரும்பி நடந்தபோது என் மகன் கேட்டான், "அம்மா, அந்த அண்ணனுக்கு நம்ம மருந்தைக் கொடுத்தாங்கல்ல, அவருக்குச் சரியாயிடுச்சா?" ஆயிடுச்சு என்றேன். "அப்ப சரி" என்றான். பஸ்ஸில் ஏறியதும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அந்தச் "சரி"க்கு விலையாக அவன் நுரையீரலில் ஒரு பகுதி போனது அவனுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த தவணை வரும் 14ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும்போது நாங்கள் அங்கே இருப்போம். அதற்குள் அவன் பெயரில் இரண்டு குப்பிகளை எடுத்து வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்.எல்.ஏ. உள்ள ஒன்பது வயதுப் பையனின் அம்மா